பரமார்த்தலிங்கத்தின் ஆறு தம்ளர்

ரத்தம் திரும்பி உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டபோது மணி பதினொன்றேகால், பரமார்த்தலிங்கத்தின் வயிறு திறந்து கிடந்தது, புற்று பிடித்த மூத்திரப்பை பாதி கழன்றும் பாதி ஒட்டியும் இருந்தது, பெரிய டாக்டரின் இரண்டு கையும் உள்ளே இருந்ததால் அவரால் மூக்கைக்கூடச் சொறிய முடியவில்லை. வயிற்றிலிருந்து உறிஞ்சி, மிஷினில் போட்டுச் சுழற்றி, உப்புத் தண்ணீரில் அலசி, புற்றின் விதை ஒன்றுகூடத் தப்பிப் போய்விடாதபடி வடிகட்டி, பையில் பிடித்துத் தொங்கவிட்ட அவருடைய சொந்த ரத்தம், மொத்தம் ஆறு தம்ளர், பைக்குள்ளேயே இருந்தது. குழாயில் அடைப்பு இல்லை. மயக்க டாக்டர் எஸ்தர் பையை அமுக்கிப் பார்த்தார், உயர்த்திப் பார்த்தார், ஊசியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக் குத்திப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"போக மாட்டேங்குது டாக்டர்," என்றார் எஸ்தர், கரண்டு போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

"என்ன வேணுமாம்?" என்றார் பெரிய டாக்டர்.

வேறு ரத்தம் ஏற்ற வழியில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் ஏழெட்டுப் பாட்டில் ஏற்றியதிலிருந்து அவர் உடம்பு யார் ரத்தத்தையும் ஒத்துக்கொள்வதில்லை. ரத்த வங்கியில் இருந்த அத்தனை பையையும் சோதித்து ஒன்றும் பொருந்தாமல்தான் இந்த மிஷினையே வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். பரமார்த்தலிங்கம் முப்பத்தோரு வருஷமாகப் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டது கிழவனோ கைப்பிள்ளைக்காரியோ, அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, கரிசல் காட்டு நடுவில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்வார். அடுத்தவன் ரத்தம் உள்ளே ஏறினால் அதையும் டிக்கெட் கேட்டு இறக்கிவிட்டுவிடும் அந்த உடம்பு என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கண்டக்டர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

வழியைக் கண்டுபிடித்தது தியேட்டரில் ரத்தம் ஊறிய பஞ்சை எண்ணிப் போடுகிற செல்லக்கனி. அவள் அதுவரைக்கும் மேஜையில் கிடப்பது யார் என்று பார்க்கவில்லை. பார்த்ததும் வாய்த்துணிக்குள்ளேயே, "இந்தக் கழுகா கெடக்கு" என்று முனகினாள். பைக்குள் ரத்தம் ஒரு விரல்கடை இறங்கியது.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார் எஸ்தர். சொன்னாள். இறங்கவில்லை. எஸ்தர் தானே கழுகு என்று கூப்பிட்டுப் பார்த்தார், அதற்கும் இறங்கவில்லை, ஏனென்றால் எஸ்தர் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டவர் அல்ல. ஆக, அவரவர் வாயில் நிஜமாகப் புழங்குகிற பேர் எதுவோ அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒரு வாய்க்கு ஒரு தடவைதான் செல்லும் என்பது பதினொன்று இருபத்தைந்துக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தர் தியேட்டரின் பின்சுவரில் இருந்த சின்ன வெண்டிலேட்டர் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, அதன் வழியாக வெளியே விஷயத்தைச் சொன்னார்.

வெண்டிலேட்டருக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் பரமார்த்தலிங்கத்தின் மனைவி தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். நாலடி தள்ளி, முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, மகன் பால்துரை நின்றிருந்தான். அவன் அப்பாவைப் பார்க்க வந்தவன் அல்ல. கையெழுத்துப் போட ஒரு ஆம்பிளை வேண்டும் என்று தங்கபுஷ்பம் போய் அழுததால், மெயின் ரோட்டில் பாதை பிரிகிற ஒத்தப்பனை விலக்கில் இருக்கிற தன் பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு, விரலிடுக்கில் கிரீஸோடு வந்திருந்தான். ஒன்பது வருஷமாக அவன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இது ஊருக்கே தெரியும், எஸ்தருக்குத் தெரியாது.

எஸ்தர் முதலில் தங்கபுஷ்பத்தைக் கூப்பிடச் சொன்னார். வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா என்றார். இங்கேதான் தப்பு நடந்தது. அவள் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத் திருப்பிக் காட்டுவாள். இப்போது உயிர் போகிற நேரம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு, தாலியைப் பிடித்துக்கொண்டு, "பரமார்த்தலிங்கம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் உடம்பெல்லாம் வேர்த்து, யாரோ ஊரான் பேரைச் சொன்ன மாதிரி கூசிப்போனாள். இறங்கவில்லை என்று வெண்டிலேட்டர் சொன்னது. அது யாரோ ஊரான் பேர்தான் அவளுக்கு.

அப்புறம் அவள், யாரும் சொல்லாமலே, சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற குரலில், "இங்க பாருங்க" என்றாள்.

ரத்தம் இரண்டு தம்ளர் இறங்கியது. உள்ளே பெரிய டாக்டர் மறுபடி வேலையை ஆரம்பித்தார். அலசுகிறது என்றால் அரிசி களைகிற மாதிரியா என்று அன்று காலையில் எஸ்தரிடம் சந்தேகம் கேட்டிருந்தவள், இப்போது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் பங்கு முடிந்தது. மீதி நாலு தம்ளர் ஊர்ப் பங்கு.

ஊருக்குச் சேதி போன வேகம் அப்படி. பன்னிரண்டு மணிக்கு டிப்போ மேனேஜர் பொன்னாடையோடு வந்து, வெண்டிலேட்டருக்குக் கீழே அட்டென்ஷனில் நின்று, நேர்மையின் சிகரமே, எங்கள் துறையின் கண்ணே என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள், இறங்கியிருந்த ரத்தத்தில் கால் தம்ளர் குழாய் வழியே மேலேறிப் பைக்குள் திரும்பி வந்துவிட்டது. போதும் நிறுத்துங்க என்று எஸ்தர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பொய் சொன்னால் போனதும் திரும்பி வரும் என்பது அப்போது தெரிந்தது. மேனேஜர் பொன்னாடையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, தொண்டையைக் கனைத்து, "ஏ பாதிவழியான்" என்றார். அரை விரல்கடை இறங்கியது.

அதற்குப் பிறகு வரிசை கட்டிவிட்டது. பங்குனி வெயில், மிஷின் சுழல்கிற சத்தம் தேனீ இரைகிற மாதிரி வெண்டிலேட்டர் வழியாக வந்து காம்பவுண்டு முழுக்க நிறைந்து, அங்கிருந்து கடைவீதிக்கும் பருத்திக் கிட்டங்கிக்கும் பரவி, ஊரே தூக்கத்தில் எழுந்து நடக்கிற மாதிரி ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தது. டவுன் பஸ்கள் வழக்கமான தடத்தை விட்டு ஆஸ்பத்திரி ரோட்டுக்குள் வந்து வெண்டிலேட்டர் ஓரமாக நின்றன, கண்டக்டர் விசிலடித்து ஆளாளுக்கு ஒண்ணு, சட்டுன்னு என்பார், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்து ஏ கழுகு, ஏ கொள்ளிக்கண்ணா, ஏ பாதிவழியான், ஏ இறக்குலிங்கம், ஏ ஒத்தச்சீட்டு என்று ஆலாபனை மாதிரி இழுத்துக் கூப்பிடும், அப்புறம் விசில், அப்புறம் அடுத்த வண்டி. கூப்பிட்டவர்கள் யாரும் கத்தவில்லை. எல்லோரும் அவர் காதுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று வழக்கமாகச் சொல்கிற அதே அமுக்கின குரலில்தான் சொன்னார்கள். அந்தக் குரலில் சொன்னால்தான் செல்லும்.

ஆரம்பத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருக்கிறாளே என்று சிலர் கூச்சப்பட்டார்கள். அவள், நான் கேக்காததா, சொல்லுங்க என்றுவிட்டாள். கோயில் பூசாரி வந்து, தொலைந்துபோன மாட்டையும் இப்படித்தான் கூப்பிட வேண்டும், நாம் வைத்த பேருக்குத் திரும்பாது, அதுக்குப் பழகின பேருக்குத்தான் திரும்பும், இதில் அதிசயம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொன்னார், அது கெட்ட வார்த்தை, நன்றாகவே இறங்கியது. அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த வெங்காயக் கமிஷன் கடைக்காரர் வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், எனக்கு என்னல பேரு வச்சிருக்கீங்க, இப்பவே சொல்லிருங்க என்று கெஞ்சினார். ஒருத்தன் சொன்னான். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். வரிசையில் நின்ற புருஷன் பெண்டாட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு மணிவாக்கில் பரமார்த்தலிங்கத்தோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர் ஒருவர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, சின்ன வயசில் நாங்க வச்ச பேரு, இதுக்கு மேல நிஜம் உண்டா என்று பெருமையாக, "ஏல மொட்டச்சில்லு" என்றார். ஒரு சொட்டு இறங்கவில்லை. இத்தனைக்கும் பொய் இல்லை, ஏறவும் இல்லை. வாயில் இப்போது புழங்காத பேர் போகாது போல என்று எஸ்தர் சொன்னதை, பழைய டிக்கெட் செல்லாதுல என்று கண்டக்டர்கள் வரிசைக்கு அறிவித்தார்கள். அவர் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

இதெல்லாம் நடக்கும்போது பால்துரை என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். பையில் மூன்று, இரண்டே முக்கால், இரண்டரை என்று வெண்டிலேட்டர் சொல்லச் சொல்ல, ஊரே கூப்பிட்டு முடித்துவிடும், நம்மிடம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த ஆள் செத்துப்போக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. பிழைத்து வந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை தங்கபுஷ்பம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எய்யா, அப்பான்னு ஒரு வார்த்த சொல்லிப்பாருய்யா" என்று கேட்டதற்கு, தொல்லை விட்டால் போதும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். உடனே வெண்டிலேட்டரிலிருந்து எஸ்தர், "யாரது? ஒரு விரல்கடை மேல வந்திருச்சு, தயவுசெஞ்சு பொய் சொல்லாதீங்க" என்றார். வரிசை மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு அவமானம் ஒன்றும் இல்லை. அது பொய்தான், அவனுக்கே தெரியும். தங்கபுஷ்பம் மட்டும் சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவன் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கழுகு என்று சொல்லிப் பார்த்தான், அதற்கு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஊரான் வாங்கின டிக்கெட்டில் அவன் போக முடியாது.

இரண்டரை மணிக்கு வரிசை குறைந்து, பஸ்கள் பழைய தடத்துக்குத் திரும்பியிருந்தன. அப்போது கயத்தாறு வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கையில் மடித்த குடை. யாரிடமும் விசாரிக்கவில்லை. நேராக வெண்டிலேட்டருக்குக் கீழே வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்து, பக்கத்தில் படுத்திருக்கிறவரை எழுப்புகிற மாதிரி, "பரமு" என்றாள்.

ஒரு முழுத் தம்ளர் இறங்கியது. நுரைத்துக்கொண்டு இறங்கியது என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். பழைய டிக்கெட் செல்லாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் கண்டக்டர்கள்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண் குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். தங்கபுஷ்பம் அவளைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நாற்காலிக்குக் கீழே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, வெயில்ல வந்திருக்கீங்க என்றாள். அவள் குடித்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கூப்பிட ஆள் இல்லை. பையில் ஒரு தம்ளர் மிச்சம் இருந்தது. மூத்திரப்பையை எடுத்தாகிவிட்டது, குடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி மூத்திரத்துக்குப் புது வழி தைத்தாகிவிட்டது, ஆனால் இந்த ஒரு தம்ளரும் உள்ளே போகாவிட்டால் வயிற்றை மூடுகிற வரைக்கும் இதயம் தாங்காது என்று எஸ்தர் சொன்னார். இன்னும் யார் பாக்கி என்று கேட்டார். எல்லோரும் பஞ்சர் கடைக்காரனைப் பார்த்தார்கள்.

என்ன நடந்தது என்று எஸ்தருக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னது யூனியன் செக்ரெட்டரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பால்துரைக்குப் பதினாறு வயசு, பத்தாவதில் பெயிலாகி, வீட்டுக்குச் சொல்லப் பயந்து, கையில் ஒன்றும் இல்லாமல் பஸ் ஏறியிருந்தான். ஒத்தப்பனை விலக்கில் செக்கிங் ஏறியது. பரமார்த்தலிங்கம் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து, மகன் முன்னால் நின்று, மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில் டிக்கெட் கேட்டார். இல்லை என்றான். அபராதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேர் என்ன என்று கேட்டார். சொன்னான். ஊர் கேட்டார். சொன்னான். தகப்பனார் பேர் என்ன என்று கேட்டார். வண்டி முழுக்க ஆள். பால்துரை அப்பா முகத்தைப் பார்த்து அப்பா பேரைச் சொன்னான். அவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, இறங்கு என்றார்.

அவன் இறங்கினான். வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அந்த விலக்கிலேயே ஒரு லாரிக்காரனுக்கு ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்து, இன்னொருத்தனுக்கு ட்யூப் ஒட்டிக் கொடுத்து, இறக்கிவிட்ட இடத்திலேயே கடை போட்டு உட்கார்ந்துவிட்டான். செக்கிங் வண்டி அந்தப் பக்கம் தினமும் போகும். மற்றவனாக இருந்தால் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவன் கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று, வண்டிக்கு முதுகைக் காட்டுவான். வண்டி போகிற வரைக்கும் நிற்பான். மழையானாலும் நிற்பான். எல்லா டிரைவருக்கும் தெரியும், அந்த இடம் வந்ததும் ஒரு கியர் குறைப்பார்கள். பரமார்த்தலிங்கம் ஜன்னல் வழியாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போவார்.

எஸ்தர் இதைக் கேட்டுவிட்டு, அந்தத் தம்பியை உள்ளே அனுப்புங்கள் என்றார்.

பச்சை அங்கியும் தொப்பியும் வாய்த்துணியும் மாட்டி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். கிரீஸ் போகவில்லை, மேலே உறை மாட்டிவிட்டார்கள். உள்ளே குளிராக இருந்தது. மிஷின் நின்றிருந்தது, சுழல்கிற கிண்ணம் காலி, கழுவிய தண்ணீர் மட்டும் கீழே ஒரு பையில் வெளிர் சிவப்பாகக் கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாதபடி துணி கட்டியிருந்தார்கள், இந்தப் பக்கம் அவர் தலை மட்டும். கண்ணைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள், வாயில் குழாய். ஒன்பது வருஷமாக அந்த முகத்தை அவன் நேருக்கு நேர் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. இடது காது மடலில் ஒரு மச்சம் இருந்தது, அதை மறந்தே போயிருந்தான்.

தலைக்கு மேலே பை தொங்கியது. அதில் ஒரு தம்ளர், உலையில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது.

"கூப்பிடுங்க தம்பி," என்றார் எஸ்தர். "நீங்க நிஜமா என்ன சொல்லுவீங்களோ அத."

பால்துரை யோசித்தான். கடையில் தனியாக இருக்கும்போது அந்த ஆளை என்ன சொல்கிறோம் என்று யோசித்தான், அம்மா வரும்போது என்ன சொல்லி விசாரிக்கிறோம் என்று யோசித்தான். அம்மாவிடம்கூட, வீட்டில எப்படி என்று மட்டும்தான் கேட்டிருக்கிறான். கனவில்கூடப் பேர் வைத்ததில்லை. எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது, பூசாரியிடம் கெட்ட வார்த்தைகூட இருந்தது. இவனிடம் ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த மாதிரி.

"சீக்கிரம் தம்பி," என்றார் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய டாக்டர். அவர் குரலில் கோபம் இல்லை, கை கடுத்துப்போன களைப்பு இருந்தது. செல்லக்கனி, ஏதாவது சொல்லுய்யா, கெட்ட வார்த்தைன்னாலும் பரவால்ல என்றாள். வெண்டிலேட்டருக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை, வரிசையில் நின்றவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை என்பது அந்தச் சத்தமில்லாததிலேயே தெரிந்தது. பிறகு தங்கபுஷ்பத்தின் குரல் மட்டும் வந்தது. "எய்யா. அப்பான்னு சொல்ல வேண்டாம். என்னமாவது சொல்லுய்யா."

அவன் வாயைத் திறந்தான். ஒரு பொய் வந்து நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டான். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த முகத்துக்கு நேராக, விலக்கில் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வண்டி தூரத்தில் வந்து, நெருங்கி, கியர் குறைத்து, கடந்து போகிற நேரம் அளவுக்கு நின்றான்.

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது.

எஸ்தர் கையை உயர்த்தி எல்லோரையும் அசையாதீர்கள் என்று காட்டினார். இன்னொரு சொட்டு. அப்புறம் விட்டுவிட்டு, அப்புறம் விடாமல், எறும்புச் சாரை மாதிரி குழாயோடு இறங்கி, ஒட்டின பிளாஸ்திரிக்குக் கீழே, பரமார்த்தலிங்கத்தின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு உயர்ந்தது. பெரிய டாக்டர் தையல் நூல் கேட்டார்.

பாதித் தம்ளர் போனதும் எஸ்தர் வாய்த்துணிக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "எறங்கிருச்சு தம்பி, இனி பயமில்ல. இப்பவாவது ஒரு தடவ கூப்பிட்டிருங்க, அவருக்குக் கேக்கும்," என்றார்.

பால்துரை கூப்பிடவில்லை.